தெளிந்த நீரும் ஒளிந்த பொருளும்

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என்று சொல்வது மரபு. தேன் எங்கே என்று கேட்பவர் சிலர்; மீன் உண்மையில் பாடுமா என்று கேட்பவர் பலர். இரண்டாவது வினாவுக்கு எங்கள் பகுதித் தோணிக்காரர் வாயால் விடை கூறுவதில்லை. முழுநிலா இரவில் தோணியை வாவியின் நடுவே நிறுத்துவார். துடுப்பின் அகன்ற பாகத்தை நீருள் அமிழ்த்தி, மேல்நுனியை நம் காதருகே பிடிப்பார். "கதைக்காம காத வச்சிக் கேளுங்க, சேர்" என்பார். காற்றிலே கேளாத ஓர் ஓசை மரத்தின் வழியே ஏறி வந்து காதை அடையும்.

நான் வாழும் தன்னாமுனை, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூருக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த வாவிக்கரையூர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கு மாரியில் ஒரு நீர், கோடையில் ஒரு நீர். வடகீழ்ப் பருவமழை ஆறுகளை நிரப்பும்போது அது நன்னீரை ஒக்கும். மழை ஓய்ந்து, முகத்துவாரத்தின் வழியே புகுந்த கடல்நீர் வெயிலில் வற்றும்போது உவர்க்கும். இரு பருவத்திலும் ஒவ்வொரு குவளை நீர் அள்ளி, மண் படியும்வரை வைத்திருந்து பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே நீர்தான்.

வாவியின் இசையைப் பற்றி எழுதியோர் பலர். 1848ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இங்கு வந்த இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனண்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்தோடு அதனை ஒப்பிட்டார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஓசை பெருகியது என்றும் குறித்து வைத்தார். 1960களில் இலங்கை வானொலி, லாங் அடிகளாரின் துணைகொண்டு அதனை நாடெங்கும் ஒலிபரப்பியது. சுவாமி விபுலாநந்தர் அதனைப் பொருளாக வைத்து 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' என்னும் கவிதையே ஆக்கினார். பாடுவது மீனோ, சிப்பியோ என்ற வழக்கினுள் நான் புக வரவில்லை. என் கருத்தைக் கவர்ந்தது தோணிக்காரரின் உபாயம். நீருக்குள் மறைந்திருப்பதைத் தேடும்போது அவர் கண்ணை விட்டுக் காதைத் துணைக்கு அழைக்கிறார். நீரில் கரைந்து மறைந்த பொருளைத் தேடும் விஞ்ஞானியும் ஒரு கட்டத்தில் அதையே செய்தார்.

அந்த உபாயத்தின் அருமையை நான் நூலிலே கற்கவில்லை. என் தமக்கையாரின் கிணற்றடியிலே கற்றேன்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பாகக் கிடக்கும் கல்லடியில் என் தமக்கையாரின் வீடு. உயிர்கள் தப்பின, வீட்டின் பாதி போயிற்று, கிணறு கடல்நீரால் நிறைந்தது. சில கிழமைகள் கழித்து, விஞ்ஞானம் கற்பிக்கும் தம்பி என்ற உரிமையோடு நான் ஒரு யோசனை கூறினேன். இயந்திரம் வைத்து நீரை இறைத்துவிடுங்கள், அழுக்கு நீர் போய்விட்டால் நல்ல நீர் ஊறும் என்றேன். இறைத்தோம். கலங்கல் மறைந்தது. மறுநாளும் இறைத்தோம். நீர் பளிங்குபோலத் தெளிந்தது. ஒரு வாளி அள்ளி அவர் கையில் கொடுத்தேன். வாயில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. நாக்குக்குத்தான் ஆகல்ல" என்றார்.

மேலும் இறைத்தோம். இறைக்க இறைக்க உப்பு ஏறியதே அன்றிக் குறையவில்லை. காரணத்தை நான் அறியாதவன் அல்லன், வகுப்பிலே கற்பித்தவன். கரையோர மணலுக்குள் மழைநீர் ஒரு வில்லைபோல உப்புநீரின்மீது மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு அளவே அடர்த்தி மிக்கது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை அது உப்பைத் தாழ்த்தி வைத்திருக்க வல்லது. மேலே ஓர் அங்குலம் இறைத்துவிட்டாலோ, கீழே நாற்பது அங்குலம் உப்பு மேலெழ இடமுண்டாகும். நாம் அழுக்கை அகற்றுவதாக எண்ணி, எஞ்சியிருந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தையே இறைத்து ஊற்றினோம். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார் ஆழிப்பேரலைக்குப்பின் இக்கரையோரக் கிணறுகளை ஆராய்ந்து கூறியதும் இதுவே: மீண்டும் மீண்டும் இறைப்பதால் பயனில்லை, கேடும் உண்டு, உப்பைக் கழுவ வல்லது பருவமழையே.

கற்றவற்றை மறந்து அன்று நான் இடறியதற்குக் காரணம் ஒன்றே. நீர் தெளிந்ததைக் கண்டு, தூய்மையானது என்று நம்பிவிட்டேன். கண் என்னை ஏமாற்றியது.

கலங்கல் வேறு, கரைசல் வேறு. களிமண் துகள் நீரில் மிதக்கிறது, ஒளியைச் சிதறடிக்கிறது, ஆதலால் கண்ணிற் படுகிறது. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைக் குடத்தினுள் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தனர். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியிற் படிந்தன. ஆனால் கரைந்த உப்பைத் தேற்றாங்கொட்டை தொடாது. துணியில் வடித்தாலும் அகலாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாக, உப்பின் செறிவு கூடவே செய்யும். கரைந்த பொருள் தனித்தனி அயன்களாகவும் மூலக்கூறுகளாகவும் பிரிந்து நீரின் மூலக்கூறுகளுக்கு நடுவே குடிபுகுந்துவிடுகிறது. மெய்யாகக் கரைந்தது என்பதற்கு அடையாளமே அது கண்ணுக்குத் தெரியாமற் போவதுதான்.

உப்பையேனும் நாக்கு காட்டிக்கொடுத்தது. நாக்கும் அறியாத பொருள்கள் உண்டு. சில ஆண்டுகளின்பின் என் வகுப்பு மாணவரிடம், தத்தம் வீட்டுக் கிணற்று நீரை ஒவ்வொரு போத்தலில் எடுத்து வரச் சொன்னேன். மேசைமீது வரிசையாக வைத்தோம். சில மங்கல், சில பழுப்பு. ஒரு மாணவி கொண்டுவந்த போத்தல் மட்டும் கண்ணாடிபோல மின்னியது. "இதுதான் சேர் எல்லாத்திலயும் நல்ல தண்ணி" என்று பிள்ளைகள் ஒருமித்துக் கூறினர். நானும் தலையசைத்தேன். ஆய்வுகூடத்திலிருந்து அறிக்கை வந்தபோது, நைத்திரேற்று அளவு மிக்கிருந்தது அந்தப் போத்தலில்தான். மணல்நிலம், கிணற்றின் ஒருபுறம் மலசலகூடக் குழி, மறுபுறம் யூரியாப் பசளையிட்ட தோட்டம். இரண்டிலிருந்தும் நைத்திரேற்று மழைநீரோடு இறங்கி, எவ்வித நிறமோ மணமோ இன்றிக் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. வளர்ந்தோரைவிடப் பச்சிளங் குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. உடலினுள் நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கிறது. குழந்தையின் மேனி நீலம்பாரிக்கிறது. அம்மாணவியின் வீட்டில் அவளுடைய அக்காளின் கைக்குழந்தை இருந்தது. புட்டிப்பால் கரைப்பது அந்தக் கிணற்று நீரில்தான். கிருமிக்கு அஞ்சி நீரைக் கொதிக்க வைத்தனர். அதனால் நைத்திரேற்று ஓர் அணுவும் குறைந்திராது. அறிக்கை கையில் கிடைத்த அன்றே குழந்தைக்குக் குழாய்நீர் எடுத்துவரத் தொடங்கினர். எல்லோரும் புகழ்ந்த தெளிந்த நீர் அது என்பதை நினைக்க, இன்றும் என் மனம் பதைக்கிறது.

அந்த ஆய்வுகூடத்தார் அதனை எவ்வாறு கண்டனர்? மின்கடத்துதிறன் மானியை நீரில் தோய்த்தால், கரைந்த உப்பு மொத்தத்தில் எவ்வளவு என்று அது கூறும். ஆழிப்பேரலைக்குப்பின் கிணறுகளை அளந்தோர்க்கு அதுவே பெருந்துணை. ஆனால் கரைந்திருப்பது யார் என்று அது கூறாது. பெயரறிய வேண்டுமாயின் ஒளியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் ஒளியின் நிறங்களிலே தனக்குரியவற்றைத் தேர்ந்து உறிஞ்சுகிறது. நைத்திரேற்று நாம் காணாத ஊதாக்கடந்த ஒளியை உறிஞ்சும். காணும் ஒளியில் அதனைப் பிடிக்க, முதலில் நைத்திரைற்றாக மாற்றி, ஒரு மருந்தைச் சேர்ப்பர், நீர் இளஞ்சிவப்பாகும். அதனூடே பச்சை ஒளியைச் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு குறைந்து வருகிறது என்று அளப்பர். கரையத்தின் செறிவும் கரைசலின் தடிப்பும் கூடக்கூட ஒளி எந்த ஒழுங்கிலே குறையும் என்பதை 1760இல் லம்பேட்டும் 1852இல் பீரும் எழுதிவைத்தனர். உலகின் நீர் ஆய்வுகூடங்கள் பல இன்றும் நம்பியிருப்பது அந்த விதியையே.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. கரையம் மிகச் சிறிதாயின், உட்சென்ற ஒளியும் வெளிவந்த ஒளியும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். இரண்டு பேரெண்களைக் கழித்து ஒரு சிற்றெண்ணைக் காண வேண்டும். நெல்மூடை ஏற்றிய மாட்டுவண்டியை நிறுத்து, அதன்மீது வந்தமர்ந்த சிட்டுக்குருவியின் எடையைக் கண்டுபிடிக்க முயல்வதை இது ஒக்கும். வண்டியின் நிறையில் வரும் சிறு பிழையே குருவியை விழுங்கிவிடும். அன்றியும் நீர் சற்றே கலங்கியிருந்தால் துகள்கள் ஒளியைப் பக்கங்களிற் சிதறடிக்கும். சிதறிப்போன ஒளியையும் உறிஞ்சப்பட்ட ஒளி என்றே கருவி கணக்கிடும். குருவியைத் தனியே எடுத்துத் தராசில் வைக்க வழி இல்லையா?

வழி 1880ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அதனைக் கண்டவர் நீரை ஆராய்ந்தவரும் அல்லர். தொலைபேசி தந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல். கம்பியின்றி ஒளிக்கற்றையின் வழியே பேச்சை அனுப்ப அவரும் அவருடைய துணைவர் தெயின்ரரும் முயன்றுகொண்டிருந்தனர். துளைகள் வெட்டிய வட்டத்தகட்டைச் சுழற்றி, சூரிய ஒளியை விட்டுவிட்டு ஒரு பொருளின்மீது விழச் செய்தபோது, அப்பொருளே ஒலித்தது. மின்னும் இல்லை, கம்பியும் இல்லை. காதோடு பொருத்திய குழாயில் நாதம் கேட்டது. கரிய பொருள்கள் உரக்க ஒலித்தன. எல்லாவற்றிலும் உரக்க ஒலித்தது விளக்கின் புகைக்கரி. ஒளியின் நிறத்தை மாற்ற மாற்ற ஒரே பொருளின் ஓசை ஏறுவதையும் தாழ்வதையும் கண்டு, 1881இல் நிறமாலையைக் காதால் ஆராயும் கருவி ஒன்றையும் பெல் அமைத்தார். இதனைத் தமிழில் 'ஒளியொலி விளைவு' எனலாம்.

நிகழ்வது இதுவே. பொருள் ஒளியை உறிஞ்சும்போது சிறிது சூடேறுகிறது, சூடேற விரிகிறது, ஒளி மறையக் குளிர்ந்து சுருங்குகிறது. விரிவும் சுருக்கமும் மாறிமாறி நிகழ்ந்தால் அதுவே அமுக்க அலை. அமுக்க அலைதானே ஒலி! பொருளை ஊடுருவிச் சென்ற ஒளியும், பக்கத்தே சிதறிய ஒளியும் ஓசை எழுப்புவதில்லை. உறிஞ்சப்பட்ட ஒளி மட்டுமே ஒலிக்கிறது. எதுவும் உறிஞ்சப்படாவிடின் மௌனம். மௌனத்தின் நடுவே எழும் சிற்றோசையைக் கேட்பது, இரண்டு பெருவெளிச்சங்களின் வேற்றுமையை அளப்பதிலும் எளிது. குருவி தனியே தராசில் ஏறிவிட்டது.

இதனை வகுப்பிலே செய்து காட்டினேன். ஒரு பழைய துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லிலே கடதாசி மட்டைத் தட்டு ஒன்றைப் பொருத்தினோம். தட்டின் விளிம்பில் நாற்பது துளைகள். மிதியைச் சுழற்றச் சில்லு வினாடிக்கு ஐந்து முறை சுற்றியது. ஒளி வினாடிக்கு 200 முறை வெட்டுண்டது. கண்ணாடிப் போத்தலின் உட்புறத்தைக் குப்பிவிளக்கின் புகையால் கருமையாக்கி, வாயை அடைத்து, அடைப்பினூடே இறப்பர்க் குழாய் செருகி, குழாயைச் சாளரத்தின் வழியே அடுத்த அறைக்குக் கொண்டுசென்றோம். வில்லையால் குவித்த வெயில் தட்டின் துளைகளூடே போத்தலில் விழுந்தது. சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்று பத்து முறை எச்சரித்தேன். அடுத்த அறையில் குழாயைக் காதில் வைத்திருந்த பையன் முதலில் ஒன்றும் கூறவில்லை. பிறகு, "வண்டு மாதிரி இரையுது சேர்!" என்று கத்தினான். கரிபூசாத போத்தலை வைத்தோம், இரைச்சல் நின்றது.

நைத்திரேற்றுக் கிணற்று மாணவி வரிசையில் நின்று தானும் கேட்டாள். பிறகு என்னிடம் வந்து, "புகைக்கரி இருக்கிறது எங்களுக்குத் தெரியும் சேர். தெரியாத ஒண்டு தண்ணிக்குள்ள இருந்தா இது சொல்லுமா?" என்றாள். நல்ல வினா. இந்தப் போத்தலும் குழாயும் அதற்குப் போதா. கரியினால் சூடேறும் காற்று எளிதில் விரியும். நீரோ மிகச் சிறிதே விரியும். அதில் எழும் ஓசையை வெறுங்காது கேளாது. நீரைக் கேட்கக் கூரிய காதும் வேண்டும். கடிய ஒளியும் வேண்டும்.

இரண்டும் அமைய ஏறத்தாழ நூறாண்டு சென்றது. மகாராட்டிரத்தின் பாராமதியில் 1938இல் பிறந்த குமார் பட்டேல் அமெரிக்கா சென்று, 1964இல் காபனீரொட்சைட்டு லேசரைக் கண்டவர். அவரும் அன்ட்ரூ டாம் என்பாரும் 1979இல் நீரின் ஒளியுறிஞ்சலை இம்முறையால் அளந்து வெளியிட்டனர். அவர்கள் பணியாற்றிய இடம் கிரகாம் பெல்லின் பெயரையே தாங்கிய பெல் ஆய்வுகூடம் என்பது விதியின் ஒரு சிறு நயம். வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் லேசர்த் துடிப்பை நீரில் எய்தனர். அமுக்கும்போது மின்னழுத்தம் தரும் ஒருவகை மட்பாண்டத் துண்டை நீரோடு தொடவைத்துக் காதாக்கினர். ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் ஒளியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே உறிஞ்சப்பட்டாலும் அக்காது கேட்டது. ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீர் சூடேறுவதில்லை. ஆயினும் ஓசை எழுகிறது.

நீரின் குணம் ஒன்று இங்கே வியப்பூட்டுகிறது. ஓசையின் அளவு உறிஞ்சப்பட்ட ஒளியை மட்டும் பொறுத்ததன்று. சூட்டினால் நீர்மம் எவ்வளவு விரியும் என்பதையும் பொறுத்தது. அதனால் மதுசாரம் நீரைவிடப் பன்மடங்கு உரக்க ஒலிக்கும். நன்னீர் ஏறத்தாழ 4 பாகைச் சதமவெப்பத்தில் மிக்க அடர்த்தியோடு நிற்கிறது. அந்நிலையில் சிறிது சூடேற்றினாலும் விரிவதில்லை. ஆகவே அவ்வெப்பநிலையில் எவ்வளவு ஒளியை உறிஞ்சினாலும் நீர் ஊமையாகிறது. ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்தாலோ ஊமையாகும் வெப்பநிலை இன்னும் கீழே இறங்குகிறது. நீர் எங்கே வாய்மூடுகிறது என்பதும் அதில் கரைந்ததைக் காட்டிக்கொடுக்கிறது!

இந்தக் கூரிய காதை மனிதர் எதற்குப் பயன்படுத்தினர்? 1980களில் ஜேர்மானிய ஆய்வாளர்கள் யுரேனியம், புளுத்தோனியம், அமெரிசியம் முதலியன நிலத்தடிநீரில் எந்த வடிவிற் கரைந்து பரவும் என்று அறிய இதனைக் கைக்கொண்டனர். அணுக்கழிவைப் பூமியிற் புதைக்க எண்ணும் நாட்டுக்கு அது வாழ்வா சாவா என்னும் வினா. மருத்துவர் இதே முறையால் உடலினுள் குருதியின் ஓட்டத்தையும் அதன் ஒட்சிசன் நிலையையும் படமாக்குகின்றனர்; தசை ஒளியைச் சிதறடித்தாலும் ஓசை வெளிவந்துவிடும் என்பதே அங்கு அனுகூலம். குறையும் இல்லாமலில்லை. கலங்கல் துகளும் தன் பங்குக்கு ஒளியை உறிஞ்சினால் அதுவும் ஒலிக்கும். நீரின் சொந்த முனகலையும் கழிக்க வேண்டும். நம் கிணறுகளில் மிகுந்துவரும் கறியுப்போ காணும் ஒளியை உறிஞ்சுவதே இல்லை. எவ்வளவு கரைந்தாலும் அந்த ஒளிக்கு அது வாய் திறவாது.

உப்பைப் பிடிக்க ஒளியையும் ஒலியையும் இடம் மாற்றி நிறுத்த வேண்டும். இதுவரை ஒளி எழுப்பியது, ஒலி சொன்னது. இனி ஒலி எழுப்பும், ஒளி சொல்லும். இரண்டும் நீரிலே கைகோத்த கதை 1826இல் ஜெனீவா ஏரியில் தொடங்கியது. கொலடன் என்பார் இரவிலே தோணியில் இருந்து நீருக்குள் ஒரு கொம்பை இறக்கிக் காதை வைத்துக் காத்திருந்தார். எதிர்க்கரைப் பக்கத்துத் தோணியில் நீருக்கடியில் மணி அடிக்கும் அதே கணத்தில் வெடிமருந்து பற்றியெரிந்தது. வெளிச்சம் கண்டதிலிருந்து ஓசை கேட்கும் வரையுள்ள நேரத்தை எண்ணி, 8 பாகை வெப்பமுள்ள ஏரிநீரில் ஒலி வினாடிக்கு 1,435 மீற்றர் செல்கிறது என்று கணித்தார். கொலடனின் கொம்புக்கும் எங்கள் தோணிக்காரரின் துடுப்புக்கும் உறவு நெருங்கியது.

ஒலியின் வேகம் நீரில் கரைந்ததைப் பொறுத்து மாறும். உப்பின் அயன்கள் அயலிலுள்ள நீர்மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்வதால், நீர் அமுக்கத்துக்கு எளிதில் இணங்காததாகிறது, ஒலி விரைகிறது. எங்கள் ஊர் வெப்பமாகிய 30 பாகையில் நன்னீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,509 மீற்றர் செல்லும். அதே வெப்பமுள்ள கடல்நீரில் 1,546 மீற்றரளவு. எனவே கோடை வாவியில் ஒலி மாரி வாவியிலும் விரைந்து செல்கிறது. ஆனால் ஒரு பாகை வெப்பம் ஏறினாலும் வேகம் இரண்டு மீற்றருக்குமேல் கூடிவிடும். வெப்பத்தைத் திட்டமாக அளவாமல் உப்பை அளக்க முடியாது.

இவ்வேகத்தை ஒரு சிறு கிண்ணத்தினுள்ளேயே அளக்க ஒளி உதவியது. காது கேளா உயரொலியை நீர்மத்தில் எழுப்பினால், அடர்ந்ததும் தளர்ந்ததுமான படைகள் அடுத்தடுத்து அமைகின்றன. ஒளிக்கற்றை அவற்றை ஊடறுக்கும்போது சீப்பின் பற்களூடே சென்றதுபோலப் பிளந்து, திரையில் பல கோடுகளாக விழுகிறது. கோடுகளின் இடைவெளியிலிருந்து ஒலியலையின் நீளமும், அதிலிருந்து வேகமும் பெறப்படும். 1932இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இதனைக் கண்டனர். ஏன் அத்தனை கோடுகள், ஏன் அவற்றின் ஒளிர்வு அவ்வாறு மாறுகிறது என்பதை 1935இல் பெங்களூரிலிருந்து விளக்கியவர்கள் சர் சி. வி. இராமனும் நாகேந்திரநாதும். உடன் பணிசெய்த பார்த்தசாரதி இம்முறையால் பல சேதன நீர்மங்களில் ஒலியின் வேகத்தை அளந்தார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமனை ஒளியின் விஞ்ஞானி என்றே பலர் அறிவர்; 1930இல் நோபல் பரிசு பெற்றது ஒளிச்சிதறலுக்கு. ஆயினும் அவர் வயலினின் நரம்பையும் மிருதங்கத்தின் தோலையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அவருடைய இரண்டு காதல்களும் ஒரு கிண்ண நீர்மத்திலே சந்தித்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

நம் மண்ணிலும் அத்தகையவர் ஒருவர் இருந்தார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தரைத் தமிழ்ப் பேராசிரியராகவும் துறவியாகவும் போற்றுகிறோம். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் கற்பித்த ஆசிரியர். குடுவையிற் கரைசலைக் கலக்கிய அதே கைதான் 1947இல் யாழ்நூலைத் தந்தது. மறைந்த யாழின் சுருதிகளை நரம்பின் நீளக் கணக்கால் மீட்கலாம் என்று அவர் துணிந்தபோது, இலக்கியம் வேறு அளவை வேறு என்று அவர் பிரிக்கவில்லை. நிலவில் வாவியின் பாட்டைக் கேட்டுக் கவிபுனைந்த அவரே, விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லக் கலைச்சொற்களும் ஆக்கினார்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் கூற விரும்புவதும் இந்த வழியே. புகைக்கரி பூசிய போத்தல் ஒன்று எந்தப் பள்ளியிலும் ஆகும். அதனை ஒருமுறையேனும் செய்து கேளுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் மாணவரின் வீட்டுக் கிணற்று நீரை ஆண்டுக்கொரு முறையேனும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். தெளிந்த நீர் என்றால் அனுப்பாமல் விடாதீர்கள். முதலில் அதனையே அனுப்புங்கள். லேசரும் கூரிய காதும் கிராமத்துக்கு வரும்வரை, இளஞ்சிவப்பாக மாறும் அந்த எளிய மருந்தே போதும், ஒரு குழந்தையைக் காப்பாற்ற.

என் தமக்கையாரின் கிணற்றை அதன்பின் யாரும் இறைக்கவில்லை. 2005ஆம் ஆண்டு மாரி வந்தது. மணலில் இறங்கிய மழை சிறிது சிறிதாக உப்பைக் கீழே தள்ளியது. மறு ஆண்டு ஒருநாள் அவர் ஒரு குவளை நீரை என் கையில் தந்து, குடித்துப் பார் என்றார். நான் அதனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"இன்னும் கண்ணாலதான் பாக்கிறியா தம்பி?" என்றார்.